வலமாக மட்டும் சுற்றிய டர்ன் டேபிள்

மனுஷன் அலுத்துப்போவதற்கும் ஒரு அளவு உண்டு. எழுபதுகளின் நடுவில், திருத்தணி பஜாரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தபோது, நான் அந்த அளவைத் தினமும் தாண்டிக்கொண்டிருந்தேன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் பவர்லூம் பெருகிய காலம். கரெண்ட் ஏறி இறங்கும், மோட்டார் புகையும், சாக்கில் சுற்றி பஸ் மேல் ஏற்றிக் கொண்டுவந்து என் கடை வாசலில் போடுவார்கள். "தறி நிக்குதுண்ணா, இன்னிக்கே குடுத்துடு" என்று அங்கேயே குந்திக்கொள்வார்கள். பகலெல்லாம் குனிந்து செப்புக் கம்பி சுற்றிவிட்டு, வார்னிஷ் நாற்றத்தோடு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம் என்றால் அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே பாவா பொம்மை ரயிலோடு காத்திருப்பார்.

பாவா என்றால் அக்காவின் புருஷன். அரக்கோணம் லோகோ ஷெட்டில் கரி எஞ்சின் டிரைவர். கண் டெஸ்ட்டில் தேறவில்லை என்று எஞ்சினை விட்டு இறக்கிவிட்டார்கள். வேலை போகவில்லை. அதே அரக்கோணம் ஸ்டேஷனில் வெயிட்டிங் ரூமைப் பார்த்துக்கொள்ளும் வேலை தருகிறோம், வந்து சேர்ந்துகொள் என்றார்கள். அவர் போகவில்லை. லீவு போட்டார், லீவின் மேல் லீவு போட்டார், பிறகு சம்பளமில்லாத லீவும் போட்டார். அக்கா விடிந்ததிலிருந்து தறியில் உட்கார்ந்து வீட்டை இழுத்துக்கொண்டிருந்தாள்.

கனத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டில் இருந்தவருக்குப் பொழுது போக வேண்டாமா? மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் எப்போதோ வாங்கிப் பரணில் போட்டிருந்த வெளிநாட்டுப் பொம்மை எஞ்சினை இறக்கினார். ஓடாமல் கிடந்த ஒரு தறியைப் பிரித்து, அந்தச் சட்டங்களில் மேடை கட்டினார். தண்டவாளம் போட்டார். நடுவில் சாக்கும் களிமண்ணும் வைத்து நம் திருத்தணி முருகன் மலையையே செய்தார். அடுத்து, எஞ்சினைத் திருப்ப டர்ன் டேபிள் வேண்டும் என்றார். ரேணிகுண்டாவைப் பார்த்து நிற்கிற எஞ்சினை மெட்ராஸைப் பார்க்கத் திருப்ப, ஷெட்டில் ஒரு பெரிய வட்டப் பாலம் உண்டு. எஞ்சினை அதன் மேல் நிறுத்தி, ஆட்கள் சேர்ந்து தள்ளுவார்கள். இங்கே தள்ள ஆள் இல்லை, மோட்டார் தள்ளட்டும் என்று என்னைப் பிடித்தார்.

நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"டேய், அத்த மட்டும் சுத்த வெச்சுட்டா வேலைக்குப் போறேன்னு சாமி மேல ஆணையா சொல்லிகீறாரு. எனக்காக செய்டா. என்னால முடியல."

அக்கா அழுகிற ரகமில்லை. அன்றைக்குக் கண் கலங்கியிருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

பழைய சைக்கிளில் ஹேண்டில்பார் நிற்கிற கழுத்துக் குழாயைப் பால்ரஸ் குண்டுகளோடு அறுத்து வந்து நட்டோம். அதன் தலையில் வட்டப் பலகை, பலகை மேல் துண்டுத் தண்டவாளம். சுற்றுவதற்கு, காயலான் கடையில் கிடைத்த லாரி வைப்பர் மோட்டார். தறியின் பாபின் கட்டையில் கயிறு மாட்டி, வேகத்தைக் குறைத்து இழுக்கவிட்டேன். எஞ்சின் தானாக ஏறி இறங்க வேண்டுமென்றால் பலகை மேலுள்ள தண்டவாளத்துக்கும் கரெண்ட் வேண்டும். அதற்குக் குழாய்க்குள்ளே இரண்டு வயர் விட்டு மேலே சாலிடர் வைத்தேன். என் கணக்கு சுலபம். பாதிச் சுற்று இப்படி, பாதிச் சுற்று அப்படி. இப்படி முறுக்கின வயர் அப்படி வரும்போது பிரிந்துவிடும்.

முதல் தடவை சுற்றியபோது அக்கா தறியை விட்டு எழுந்து வந்து பார்த்தாள். வலமாகப் போனபோது சிரித்தாள். திரும்பி இடமாக வந்ததும் முகம் மாறிவிட்டது.

"ஐயய்யோ, நிறுத்துடா! மலையை வெச்சுகினு இடமா சுத்துவாங்களா? அது எழவு வூட்டு சுத்து! இந்த வூட்டுக்குப் புடிச்சது போதாதா?"

"அக்கா, இது பொம்மை."

"பொம்மையோ கிம்மையோ. வலமா மட்டும் சுத்து."

வாதாட எனக்குத் தெம்பில்லை. பாவாவைப் பார்த்தேன். கிருத்திகைக்கு ஊரே மலையேறும்போது வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்குகிற மனுஷன் அவர். அவர் சொன்னார், "அவ சொல்றது கரெக்டுடா. வலமாவே வுடு."

வலமாகவே விட்டேன். முறுக்கு ஏறினால் நூல் அறும் என்று எங்கள் நெசவுக் குடும்பத்தில் யாரும் பாடம் படித்ததில்லை, தானாகவே தெரியும். வயருக்கும் அதே கதைதான். ஆகவே விளையாடி முடித்ததும் அடியில் கழற்றி, முறுக்கைப் பிரித்து, மறுபடி மாட்டும்படி பாவாவிடம் சொல்லிவைத்தேன். ஆங், ஆங் என்றார். மறுநாள் சாயங்காலம் போனால் வயர் அறுந்து கிடந்தது.

"பிரிச்சீங்களா பாவா?"

"ஆங், பிரிச்சேன்டா. உன் சாலிடர் சரியில்ல."

என் சாலிடர் சரியில்லையாம்! பஜாரில் யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வைத்தேன். மறுபடி அறுந்தது. வேறு வயர் போட்டேன், அதுவும் அறுந்தது. பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஈயம் சட்டையில் சொட்ட, அதே இரண்டு வயரை ஒட்டி ஒட்டி எனக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது. கழுதைக்கு வாக்கப்பட்டால் உதைக்கு அஞ்ச முடியுமா என்று என்னையே திட்டிக்கொள்வேன். பக்கத்தறையில் அக்காவின் தறி நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் சொன்னேன், "பாவா, வயரே வேணாம். குழாய்ல ரெண்டு செப்பு வளையம் மாட்டி, கார்பன் பிரஷ் வெச்சு ஒரச வுட்டுடறேன். நாள் பூரா ஒரே பக்கம் சுத்தினாலும் முறுக்கே ஏறாது."

"பொம்மைக்கு எதுக்குடா அதெல்லாம்? வயரு போதும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அவர் பேச்சைக் கேட்கிற பொறுமை தீர்ந்திருந்தது. கடையில் மதியச் சோற்று நேரத்தில் செப்புத் தகட்டை வளைத்து வளையம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பாவா முடிவெட்டிக்கொள்ளப் போன சமயம் பார்த்து, பலகையைக் கழற்றி மாட்டிவிட்டேன்.

அவர் வந்ததும் அக்காவையும் கூப்பிட்டு சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் மெதுவாக ஊர்ந்து பலகை மேல் ஏறி நின்றது. பலகை வலமாகத் திரும்பியது. எஞ்சின் இறங்கிப் போயிற்று, வந்தது, ஏறியது, மறுபடி திரும்பியது. எத்தனை சுற்றினாலும் எதுவும் அறவில்லை. அக்கா கை தட்டினாள். குழந்தை மாதிரி தட்டினாள். உள்ளே ஓடி, அவருடைய யூனிபார்ம் சட்டையை எடுத்து உதறினாள்.

"நாளைக்கு காலைல பாசஞ்சருக்குப் போயிடலாங்க. நான் இஸ்திரி போட்டு வெக்கறேன்."

பாவா சுவிட்சைத் தன் கையில் வாங்கினார். எஞ்சினை மேலே வைத்தபடியே பலகையைச் சுற்றவிட்டார். நிறுத்தவே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"இத்த யாருடா உன்னை செய்ய சொன்னது?"

எனக்குப் புரியவில்லை.

"நான் வயரைப் பிரிக்கவே இல்லடா. ஒரு நாளும் பிரிக்கல. அறுந்துகினே இருக்கட்டும்னுதான் வுட்டேன். எங்கிட்ட கரி தள்ளின பசங்க எல்லாம் இப்ப டிரைவரு. அவனுங்க கண்ணு எதிர்ல நான் தொடப்பத்தை எடுத்துகினு நிக்கணுமா? நீ பாட்டுக்கு செஞ்சு வெச்சுட்டியே."

எத்தனை சாயங்காலம்! என் முதுகு, என் தூக்கம், என் சாலிடர் மேல் பழி வேறு. சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷன் என்ன செய்வான்? நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சட்டையைத் தறிக்கட்டையின் மேல் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான் தெனம் காலைல தறில போயி குந்த புடிக்கலீங்க. இடுப்பு வுட்டுப் போச்சு. முட்டி ரெண்டும் போச்சு. நான் எந்த வயரை அறுத்துட்டு சும்மா குந்தறது? சொல்லுங்க."

பலகை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பாவா சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் காலை நான்தான் அவரை சைக்கிளில் வைத்து ஸ்டேஷனுக்கு மிதித்தேன். ரேணிகுண்டா பக்கமிருந்து அரக்கோணம் பாசஞ்சர் வந்து நின்றது. எஞ்சினிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்து, "அண்ணா! இன்னாண்ணா, நல்லா கீறியா? வா, மேல ஏறு!" என்று கூவினான். பாவா கையை மட்டும் தூக்கிக் காட்டினார். பிறகு பின்பக்கம் நடந்து, கூடையும் மூட்டையுமாக நெருக்கிக்கொண்டிருந்த ஜனங்களோடு பெட்டியில் ஏறினார்.