சூசையம்மா தீர்த்துவைத்த மூங்கில்காட்டு வழக்கு

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ராசம்மா என்ற பெண் மாதத்தில் ஒரு ஞாயிறு பசறைக்கு வருவாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மகளின் முகத்தைக் கொம்பியூட்டரில் பார்க்கத்தான் அந்தப் பயணம். புஹாரியின் கொமினிகேஷன் கடையில் நான்கு கொம்பியூட்டர்கள் இருந்தன. மறைப்புக்கு இடையில் பலகைத் தட்டி மட்டும். மகளைக் கண்டதும் ராசம்மா அழத் தொடங்குவாள். அடுத்த தட்டிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கடையைப் பார்த்துக்கொள்ளும் சூசையம்மா அப்போது எழுந்து ரேடியோவைக் கூட்டி வைப்பாள். பிறகு விளக்குமாற்றை எடுத்து, எட்டிப் பார்க்கிறவர்களின் காலடியில் மட்டும் பார்த்துப் பார்த்துக் கூட்டுவாள். தூசி கிளம்பித் தும்மலோடு தலைகள் உள்ளே போய்விடும். ராசம்மா அழுது முடித்து முகம் துடைக்கும்வரை அந்தக் கூட்டல் ஓயாது.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த தட்டியில் இருந்த றோய்க்கு மட்டும் மூன்றாவது தும்மலில் விஷயம் விளங்கியது.

சூசையம்மா மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபது வருடம் கொழுந்து பறித்தாள். முழங்கால் மலையேற மறுத்ததும் புஹாரியின் கடைக்குக் கூட்டித் துடைக்க வந்தாள். இரண்டாயிரத்து ஐந்தில், மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கொழும்புக்குப் போய்விட, வேறு ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லி அவளை நாற்காலியில் உட்கார வைத்தார் புஹாரி. வேறு ஆள் கிடைக்கவேயில்லை, அவரும் தேடவில்லை.

மோடத்துக்கு மேலே அந்தோனியார் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். லைன் விழுந்தால் முதலில் சிலுவை போடுவாள், பிறகுதான் வயரைப் பிடுங்கிச் செருகுவாள்.

"அந்தோனியார் காணாமப் போன ஆடு மாட்டத்தானே தேடிக் குடுப்பாரு. இன்டர்நெட்டுமா?" என்று புஹாரி கேட்டார்.

"கேட்டுப் பாக்குறதுல என்னாங்க மொதலாளி நட்டம்? கம்பெனிக்காரன்கிட்டயும் தான் கேட்டோம். அவன் வந்தானா?"

புஹாரி பக்கத்தில் மக்கா படம் போட்ட கலண்டரை மாட்டினார். அதற்குப் பிறகு லைன் கொஞ்சம் நன்றாயிருந்ததாக இருவருமே சொல்வார்கள். காரணம் மட்டும் ஆளுக்கொன்று.

இரண்டாயிரத்து ஏழில் றோய்க்கு முப்பத்து மூன்று வயது. பசறையில் இரும்புக் கடையொன்றில் ஆணி நிறுத்துக் கொடுப்பது வேலை. வேலை முடிந்ததும் நேரே மூன்றாம் நம்பர் தட்டிக்கு வருவான். 'மலைக்களஞ்சியம்' என்று ஒரு தளம் இருந்தது. மலைநாட்டு ஊர்கள், தோட்டங்கள் பற்றி யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், எழுதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத வேலைக்குத்தான் மனுசன் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவான் என்பதற்கு அந்தத் தளமே சாட்சி. றோய் அங்கே 'மலைமகன்'. அவனுடைய பரம எதிரி 'உண்மைவிளம்பி'.

பசறையிலிருந்து பதுளைக்குப் பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்பதில்தான் பகை மூண்டது. முக்கால் மணி நேரம் என்று எழுதினான் மலைமகன். ஒன்றேகால் மணி என்று மாற்றினார் உண்மைவிளம்பி. ஒருவன் தனியார் பஸ்ஸில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவன், மற்றவர் அரசாங்க பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர். இது இருவருக்கும் தோன்றவில்லை. ஒரே நாளில் பதினொரு தடவை எழுதி அழித்தார்கள். அந்த நேரத்துக்குப் பதுளைக்கு நடந்தே போயிருக்கலாம் என்றாள் சூசையம்மா.

உண்மைவிளம்பியைப் பற்றி றோயின் மனதில் தெளிவான உருவம் இருந்தது. ஆள் கனடாவில் இருப்பான், கொழுத்தவன், கம்பளிக் காலுறை போட்டிருப்பான், தேயிலைச் செடியைக் கோப்பைக்கு வெளியே கண்டிருக்க மாட்டான். "மலைமகன் என்பவர் முதலில் வாக்கியத்தை முடிக்கப் பழகட்டும்" என்று அவன் எழுதியதைப் படித்த அன்று றோய் ஆணியை நிறுக்காமலேயே அள்ளிக் கொடுத்தான்.

பிறகுதான் தளத்தில் மூங்கில்காட்டுத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கான பக்கம் வந்தது. அங்கே சண்டை விளையாட்டாக இல்லை.

றோயின் அப்பா யேசுரத்தினம் அந்தத் தோட்டத்துத் தொழிலாளி. அரசாங்கம் பள்ளிக்கூடத்தைப் பொறுப்பெடுக்கும் முன்பு, பத்து வருடம், மலையில் வேலை முடிந்து இறங்கி வந்து, பிள்ளைக்காம்பராவில், அதுதான் வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டிலில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். எந்தக் காகிதத்திலும் அது இல்லை. தொண்ணூற்றெட்டில் செத்தார். கல்லறையில் நட்ட மரச்சிலுவையில் இருந்த பெயரைக் கறையான் தின்றுவிட்டது. அதனால் 'முதல் ஆசிரியர் யேசுரத்தினம்' என்று றோய் அந்தப் பக்கத்தில் எழுதிய ஒற்றை வரிதான் உலகத்தில் அவர் பெயர் மிஞ்சிய இடம்.

உண்மைவிளம்பி அந்த வரியை அழித்தார். "ஆதாரம் இல்லை. இப்பாடசாலை 1977இல் முதல் தலைமையாசிரியர் சரவணமுத்து அவர்களால் தொடங்கப்பட்டது" என்று எழுதினார்.

சரவணமுத்து சேர் றோயின் சொந்த வாத்தியார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். றோய்க்கு அவர்மேல் பக்தி உண்டு. ஆனால் அப்பாவை அழித்தவனுக்குப் பதிலடி கொடுக்க வேறு வழி தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு சேரின் பெயரை அழித்தான். அழித்துவிட்டுத் திரும்பினால், இரண்டாம் நம்பர் தட்டியிலிருந்து சேரே எழுந்து வருகிறார். எழுபத்தொரு வயது, கையில் குடை. அவரும் கொஞ்ச நாளாக அங்கே வந்து போய்க்கொண்டிருந்தார். கிளிநொச்சியிலுள்ள தம்பிக்குக் கடிதம் எழுத என்று றோய் நினைத்திருந்தான்.

"என்ன றோய், சுகமா இருக்கிறீரோ?"

"ஆமாங்க சேர். ஒக்காருங்க சேர்."

"எங்கை இருக்கிறது. ஒரு கழுதையோடை மாரடிச்சுக் களைச்சுப் போனன்."

"எனக்கும் ஒரு கழுத இருக்கு சேர்" என்றான் றோய்.

சூசையம்மா இருமினாள். இருமல் போலத்தான் இருந்தது.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் றோய் தளத்தைத் திறந்தான். சிவப்பு எழுத்தில் அறிவித்தல். தளத்தை நிர்வகிக்கும் துவாரகா என்ற பெண் எழுதியிருந்தாள். மலைமகனும் உண்மைவிளம்பியும் எப்போதும் ஒரே இணைய முகவரியிலிருந்து, ஒரே நேரத்தில் வருகிறார்கள். ஆகவே இருவரும் ஒரே ஆள். இரண்டு பெயரில் தன்னோடு தானே சண்டை போட்டுப் பொழுது போக்குகிறார். இரண்டு கணக்கும் தடை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒழுங்கான விளக்கம் வராவிட்டால் மூங்கில்காட்டுப் பக்கம் முழுவதுமாக நீக்கப்படும்.

றோய் மேசையில் அடித்தான். "நானும் அந்த உண்மைவிளம்பி நாயும் ஒரே ஆளாம்!"

அடுத்த தட்டியில் கதிரை நகர்ந்தது. குடை கீழே விழுந்தது. சரவணமுத்து சேர் மெல்ல எழுந்து தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருடைய கண்ணாடியில் அதே சிவப்பு எழுத்து தெரிந்தது.

"நீரோ மலைமகன்?"

றோய்க்குக் கம்பளிக் காலுறை நினைவுக்கு வந்து, அவனையறியாமல் குனிந்து சேரின் காலைப் பார்த்தான். செருப்புத்தான்.

"அக்கா, ஒங்களுக்குத் தெரியுமா இது?" என்று சூசையம்மா பக்கம் திரும்பினான்.

"மொத வாரமே தெரியும். இவரு தட்டுனா நீ பல்லக் கடிப்ப. நீ தட்டுனா இவரு 'சீ'ம்பாரு."

"அப்ப சொல்றதுதானே?"

"பாவசங்கீர்த்தனக் கூண்டுல ஒக்காந்திருக்குற சாமியாரு வெளிய வந்து சொல்லுவாரா தம்பி? ஆளுக்கொரு தட்டியில குனிஞ்சுக்கிட்டு மனசுல உள்ளத எல்லாம் கொட்டுறீங்க. நான் விளக்குமாத்தோட நிக்கிறேன். அவ்வளவுதான்."

சேர் குடையை எடுத்துக்கொண்டு புறப்படப் பார்த்தார். றோயும் பின்னாலேயே வாசல் பக்கம் நகர்ந்தான். ஒருவர் எழுதிய பெயரை மற்றவர் அழித்த வெட்கத்தில் இரண்டு பேருக்கும் முகம் கொடுக்க முடியவில்லை. இப்படியே போனால் ஞாயிறு வந்துவிடும், அப்பாவின் வரி போய்விடும் என்பது றோய்க்குத் தெரிந்தும் கால் நிற்கவில்லை.

சூசையம்மா போய் கடையின் தகரக் கதவைப் பாதிக்கு இறக்கினாள்.

"எங்க லயத்து வீடுகளோட பீலிக்கரையில ஒரு சட்டம் இருக்கு. தண்ணி பிடிக்கிற எடத்துல நீ முந்தி, நான் முந்தின்னு ரெண்டு பொம்பளைங்க முடியப் பிடிச்சாங்கன்னு வைங்க, யாருகிட்டயும் நாயம் கேக்க மாட்டோம். கேட்டா விடியும். இவ கொடத்த அவ ரொப்பணும். அவ கொடத்த இவ ரொப்பணும். ரொப்பி, தூக்கி, அடுத்தவ இடுப்புல வைக்கணும். கொறையா ரொப்புனா முழு லயமும் பாக்கும். அதனால எவளும் கொறைக்க மாட்டா."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் சேர்.

"சேரோட கதைய தம்பி எழுதட்டும். தம்பி அப்பாவோட கதைய நீங்க எழுதுங்க. அதுவரைக்கும் கதவு இப்படித்தான் இருக்கும். நான் ஜெபமாலை சொல்லணும், அம்பத்து மூணு மணி உருட்டணும். அவசரமில்ல."

கதவைக் குனிந்து தாண்டச் சேரின் முதுகு இடம் கொடுக்காது. சேரைத் தனியே விட்டுப் போக றோயின் மனம் இடம் கொடுக்காது. உட்கார்ந்தார்கள்.

றோய் தாளை எடுத்து, முதலில் வேண்டாவெறுப்பாக 1977 என்று எழுதினான். பிறகு கை நிற்கவில்லை. மழையில் மூன்று கட்டை தூரம் நடந்து வந்து, சோக்குக்கட்டி நனையாமல் இருக்கத் தலைத் தொப்பிக்குள் வைத்திருந்த மனுசன். கொழுந்து கூடிய நாளில் பெரிய பிள்ளைகளை மலைக்கு அனுப்பச் சொல்லித் தோட்டத்துத் துரை ஆளனுப்பியபோது, "பிள்ளையள் வேணுமெண்டால் துரை வந்து வகுப்பிலை இருந்து கேக்கட்டும்" என்று சொல்லியனுப்பியவர். இதெல்லாம் இத்தனை நாளும் அவன் எழுதாமல் விட்டது.

சூசையம்மா ஜெபமாலையின் மூன்றாம் பத்துக்கு வந்தபோது சேரின் குரல் கேட்டது.

"றோய், நான் வந்தண்டைக்கு நாற்பத்திரண்டு பிள்ளையள் நிண்டவை. எல்லாருக்கும் எழுத வாசிக்கத் தெரியும். கொட்டிலுக்கை பிள்ளையளின்ரை பேர் பதிஞ்ச ஒரு டாப்புக் கொப்பி இருந்தது, உம்மடை அப்பாவின்ரை எழுத்து. நான் பேர்களைப் புதுசிலை பதிஞ்சுபோட்டு..." கதிரை கிரீச்சிட்டது. "அந்த மழைக்கை அடுப்பு மூட்ட அதைக் கிழிச்சது நான்தான். ஆதாரம் கேட்டதும் நான்தான்."

றோய், தான் எழுதிக்கொண்டிருந்த தாளைத் தட்டிக்கு மேலாக நீட்டினான். சேர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். ஒரு இடத்தில் வாக்கியம் முடியவில்லை என்று மட்டும் சொன்னார்.

ஆதாரம் சேரின் வீட்டிலேயே கிடைத்தது. பள்ளிக்கூடத்தின் இருபதாம் ஆண்டு மலரில் அவரே எழுதிய வாழ்த்துரை: "ஏற்கெனவே எழுத்தறிந்த நாற்பத்திரண்டு பிள்ளைகளைத் திரு. யேசுரத்தினம் என்னிடம் ஒப்படைத்தார்." அச்சில் இருந்தது. எழுதியவருக்கே மறந்துபோயிருந்தது.

இரண்டு பேரும் இரண்டு பேர்தான் என்று துவாரகாவை நம்ப வைப்பது மட்டும் மிச்சம். அந்தக் கடிதத்தைச் சூசையம்மாவே ஒற்றை விரலால் தட்டினாள். யாரையும் கிட்டே விடவில்லை.

"மகள் துவாரகாவுக்கு. இவங்க ரெண்டு பேர். நான் தினமும் பார்க்கிறேன். ஒருத்தர் வயசாளி, ஒருத்தர் இல்லை. ஒருத்தர் திட்டினால் இலக்கணம் இருக்கும், ஒருத்தர் திட்டினால் இருக்காது. ஒரே முகவரி என்றால் ஒரே ஆள் இல்லை மகள். எங்கள் லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரே முகவரி. கடவுள் ஒருத்தர்தான் மூன்று பேராக இருந்தும் ஒரே ஆள். இவங்களுக்கு அந்தத் தகுதி இல்லை. பசறை சூசையம்மா."

ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தபோது தடை நீங்கியிருந்தது. பக்கம் இருந்தது. அதில் யேசுரத்தினம் இருந்தார், கீழே சரவணமுத்துவும். துவாரகா மன்னிப்புக் கேட்டு, இன்னும் மூன்று சண்டைகளைச் சூசையம்மாவின் தீர்ப்புக்கு அனுப்பியிருந்தாள். இரண்டைப் பீலிக்கரைச் சட்டப்படி தீர்த்தாள். மூன்றாவது இரண்டு கவிஞர்களின் சண்டை. "கவிஞருங்க கொடம் ரெண்டும் ஓட்ட. ரொப்பி முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் றோய்க்கு டோஹாவில் வேலை கிடைத்தது. பசறை பஸ் நிலையத்துக்குச் சூசையம்மா வழியில் தின்னப் பாண் பொட்டலமும் அந்தோனியார் படமொன்றும் கொண்டு வந்தாள். சேர் முதல்நாளே வந்து ஆசீர்வாதத்தோடு அவன் எழுதியதிலிருந்த நான்கு எழுத்துப் பிழைகளையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பஸ் உறுமத் தொடங்கியது. ஏறும்போது றோய் ஒன்று கேட்டான். இரண்டு வருடமாகக் கேட்க நினைத்தது.

"அக்கா, அப்பாவப் பத்தி சேர் எழுதினத முழுசா வாசிச்சீங்களா?"

"இல்ல தம்பி" என்றாள் சூசையம்மா. "நீங்க சண்ட போட்டப்ப ஒரு வரி விடாம தெனமும் வாசிச்சேன். சமாதானமா எழுதுனத எல்லாம் யாரு ஒக்காந்து வாசிப்பா? ஏறு, பஸ் போகப் போகுது."