மூன்றாம் ஓலைக்கு முன் ஓர் உயில்

நாகல் நகர் பவுல்ராஜ் வாத்தியார் முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளை ஓடச் சொன்னவர். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. விளையாட்டு வாத்தியாருக்கு வேண்டியது ஒரு விசில், ஒரு மர நிழல், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்ட மனிதர், மனைவி இறந்து ஆறு வருஷம் கழித்து, அறுபத்தெட்டாவது வயதில், தானாகவே எழுந்து ஒரு காரியத்துக்கு நடந்தார். பங்குச்சாமியாரிடம் போய், கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்றார்.

பெண் ரோசலின். ஓய்வு பெற்ற நர்ஸ், விதவை, பிள்ளை கிடையாது. சாணார்பட்டியில் தம்பி வீட்டில் ஒரு கட்டில் அளவுக்கு இடம் இருந்தது. தம்பி மகள் பிரசவத்துக்கு வந்தால் அதுவும் இருக்காது. வாத்தியாருக்குச் சர்க்கரை ஊசி போட வந்துபோன பழக்கம், இப்படி ஆகிவிட்டது.

அப்பாவின் தனிமையைப் பற்றி ஆறு வருஷம் கவலைப்படாத மகன் பிராங்கிளினும் மகள் நான்சியும், அது தீரப்போகிறது என்றதும் ரொம்பக் கவலைப்பட்டார்கள். அவன் கோயம்புத்தூரிலிருந்தும் அவள் அகரத்திலிருந்தும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள்.

"கட்டிக்கங்க, யாரு வேணாம்னா? வீட்டை மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் உயில் எழுதிருங்க" என்றான் பிராங்கிளின்.

"எனக்குப் பெறகு அவ எங்கலே போவா?"

"வந்த எடத்துக்குத்தான்."

"மூணாவது ஓலைக்கு முன்னாடி எழுதிரணும்ப்பா. இல்லாட்டி நான் கோயில்ல எந்திரிச்சு நிப்பேன்" என்றாள் நான்சி.

கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்பார் சாமியார். வீட்டு ஆசையெல்லாம் திருச்சபைக் கணக்கில் தடையே இல்லை. ஆனால் கிழட்டு மாப்பிள்ளைக்கு எதிராகப் பெற்ற மகளே எழுந்து நின்றால், சாமியார் தள்ளுபடி செய்யலாம், டீக்கடை செய்யாது. வாத்தியார் பயந்துவிட்டார்.

இரண்டு ஓலை முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை, பத்திரம் எழுதும் பொம்மையனிடம் போனார்கள். அவர் எழுதிய உயில்களை அடுக்கினால் மலைக்கோட்டை உசரம் வரும் என்பது ஊர்ப் பேச்சு. பேச்சைக் கிளப்பியதும் அவர்தான்.

"கல்யாணம் முடியட்டும், பெறகு எழுதுனா ஆகாதா அப்பு?" என்று வாத்தியார் இழுத்தார்.

"பெறகு அந்தம்மா விடாது" என்றான் பிராங்கிளின்.

"தம்பி வெவரம். எங்க மாமாவும் எழுதி வச்சுட்டுத்தான் ரெண்டாந்தாரம் கட்டுனாரு. அந்த உயில் இன்னைக்கும் கல்லு மாதிரி நிக்கிது" என்றார் பொம்மையன்.

வீடு மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. ரோசலினுக்கு ஒரு இரும்பு பீரோ. சாட்சிகள் கையெழுத்துப் போட, உயில் பதிவும் ஆனது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தபோது நான்சி முழங்காலில் நின்று உருக்கமாக ஜெபித்தாள். அடுத்த வாரம் கல்யாணம். பிரியாணியைப் பிராங்கிளின் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் வாத்தியார் புதுப் பெண்டாட்டியிடம் உண்மையைச் சொன்னார்.

"பீரோவா?" என்றார் ரோசலின். "பெருசா இருந்தா நல்லது. தெருவுல நிக்கிறப்ப உள்ள உக்காந்துக்கலாம்."

வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. தான் செத்த மறுநாள் இவள் பையைத் தூக்கிக்கொண்டு சாணார்பட்டி பஸ் ஏறுவது கண்ணுக்குள்ளேயே நின்றது. அதன் பிறகு எட்டு மாதம் அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பிராங்கிளினுக்கோ வேறு கவலை. இந்த உயிலில் அந்தம்மா நுழைய ஏதாவது சந்து இருக்குமோ? அப்பாவையும் கூட்டிக்கொண்டு வக்கீல் நூர் அகமதுவிடம் போனான். வக்கீல் உயிலின் தேதியைப் பார்த்தார். கல்யாணத் தேதியைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கிறிஸ்தவங்க உயில் எழுதுன பெறகு கல்யாணம் பண்ணுனா, அந்தக் கல்யாணமே உயில ரத்து பண்ணிரும் தம்பி. இது வெறும் காயிதம்."

"பத்திரம் எழுதுன பொம்மையனோட மாமா உயில் நிக்கிதே சார்?"

"அவங்க இந்து. இந்த விதி அவங்களுக்குக் கெடையாது. அவரு பேரு பொம்மையன், உங்க பேரு பிராங்கிளின்."

"சரி, இப்ப உயில் இல்லாமயே அப்பா போயிட்டா?"

"நான் பக்கத்துலதாம்லே இருக்கேன்" என்றார் வாத்தியார்.

"மனைவிக்கு மூணுல ஒரு பங்கு" என்றார் வக்கீல். "மிச்சம் பிள்ளைகளுக்கு. பங்கு இருக்கிறவங்கள வெளிய போன்னு சொல்ல முடியாது."

வாத்தியார் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "இது இப்படியே இருக்கணும்னா, நான் என்ன சார் செய்யணும்?"

"ஒண்ணுமே செய்ய வேணாம்."

அந்தக் காரியத்தில் அவரை அடிக்க ஜில்லாவில் ஆள் கிடையாது. அன்று வீட்டுக்கு வந்து மூன்று தட்டு சோறு சாப்பிட்டார்.

இப்போது பிராங்கிளின் மாதம் தவறாமல் வருகிறான். இத்தனை பாசத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. "புதுசா ஒண்ணு எழுதிரலாம்ப்பா" என்பான். "எழுதுவோம்லே, அதுக்கென்ன. மொதல்ல சாப்பிடு" என்பார் அப்பா. போன வாரம் பொறுமை இழந்து ரோசலினிடமே கேட்டுவிட்டான்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அப்பா எழுதிருவாரு."

"அதுக்கென்ன தம்பி, அவரு முழிச்சதும் சொல்றேன்" என்றார் ரோசலின், குழம்பை ஊற்றிக்கொண்டே.

வாத்தியார் உள்ளறையில் மதியத் தூக்கத்தில் இருந்தார். பிராங்கிளின் நாலு மணி கோயம்புத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போகும்வரை அவர் முழிக்கவே இல்லை.