கரையிலிருந்து தெரியாத வாத்துகள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்கு எண்ணுவதுதான் பிழைப்பு. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் பக்கத்தில் இடியே விழுந்தாலும் திரும்ப மாட்டாள். அப்படிப்பட்டவள் லீவு நாளிலும் ஆற்றங்கரைக்குப் போய் வாத்து எண்ணினால் கிறுக்கு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்? சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குளிர்காலம்தோறும் தன்னார்வலர்கள் ஆற்றைப் பங்கு போட்டுக்கொண்டு பறவைகளை எண்ணுவார்கள். பாலத்துக்குக் கீழே, தீவு இருக்கிற பகுதி அவளுடையது.

இந்த வருஷம் ஒரு வினை சேர்ந்துகொண்டது. ஒரு பகுதியில் ஐந்நூறு வாத்துக்கு மேல் இருந்தால், குளிர் முடியும்வரை அங்கே மோட்டார் படகு ஓடக் கூடாது என்று நகராட்சி உத்தரவு போட்டுவிட்டது. அவள் பகுதியில் ஓடும் ஒரே மோட்டார் படகு அவள் வீட்டுக்காரருடையது.

"கொஞ்சம் கம்மியா எண்ணேன். வாத்து வந்து உன்மேல கேஸா போடப் போகுது?" என்றார் கணக்கெடுப்புக்கு முந்தின நாள், படகுக் கயிற்றை முடிச்சுப் போட்டபடி.

"கம்மி, கூட எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இருக்கறதை எண்ணத்தான் தெரியும்."

அத்தோடு வீட்டில் பேச்சு நின்றது.

காலையில் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். நானூற்று எழுபத்தாறு. மனசுக்குள் அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

மதியம் பள்ளிக்கூட வகுப்பறையில் எல்லோரும் கூடினார்கள். கணக்கெடுப்பை நடத்தும் பல் டாக்டர் ஒவ்வொரு பகுதியின் எண்ணையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தார். முடிவு தெரிந்துகொள்ள வந்த வீட்டுக்காரர், சின்னப் பிள்ளைகளின் கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். 476 என்று எழுதியதும் எல்லோரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மேல்பகுதியை எண்ணிய மளிகைக்கடைக்காரர்தான் வாயைத் திறந்தார். "போன வருஷம் அறுநூத்துச் சொச்சம். உத்தரவு வந்ததும் கரெக்டா ஐந்நூறுக்குள்ள அடங்கிடுச்சு. வாத்துக்குக்கூட படகுக்காரர்மேல எவ்வளவு பாசம் பாருங்க!"

நாலு பேர் சிரித்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ரெண்டு தடவை எண்ணினேன்" என்றாள்.

டாக்டர் சாக்பீஸை உருட்டினார். "உங்களை யாரும் சந்தேகப்படலைம்மா. ஆனா அடுத்த வருஷம் அந்தப் பகுதியை வேற யாருக்காவது..."

சந்தேகப்படவில்லையாம்! அதற்கு முகத்துக்கு நேரே பொய்க்காரி என்றே சொல்லியிருக்கலாம். நாளைக்கு இதே ஊர்தானே அவளிடம் ரத்தம் கொடுத்துவிட்டு அவள் ரிப்போர்ட்டை நம்ப வேண்டும்?

கடைசி பெஞ்சு கிறீச்சிட்டது. வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"அவ பொய் சொல்லலை. தீவுக்குப் பின்னாடி இன்னொரு கூட்டம் இருக்கு. இந்த வருஷம் நாணல் உயரமா வளர்ந்துடுச்சு, கரையில நின்னா தெரியாது. நான் படகுல போறப்ப தினமும் பாக்கறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். தினமும் பார்த்தாராம்!

எல்லோரும் கரைக்குப் போனார்கள். டாக்டர் முன்பக்கத்து வாத்துகளைத் தானே எண்ணிப் பார்த்தார், நானூற்று எழுபத்தாறேதான். மளிகைக்கடைக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் டாக்டரும் படகில் ஏற, வீட்டுக்காரர் மோட்டாரைத் தொடாமல் துடுப்பை எடுத்தார்.

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லலை?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"சொன்னா எண்ணிடுவியே. உன்னை நாலு பேர் முன்னாடி இப்படிப் பேசுவாங்கன்னு நான் நினைக்கலைம்மா."

"பேசாம துடுப்பைப் போடுங்க."

தீவைச் சுற்றியதும், நாணல் ஓரமாக வாத்துகள் அடைந்து கிடந்தன. விட்ட இடத்திலிருந்து அவள் மெல்லிய குரலில் எண்ணத் தொடங்கினாள். "நானூத்தி எழுபத்தேழு, நானூத்தி எழுபத்தெட்டு..." ஐந்நூறு வந்தபோது குரல் தடுமாறியது. அது அவர் காதிலும் விழுந்தது. துடுப்பை ஒரே ஒரு தடவை தண்ணீரில் ஓங்கி அடித்திருந்தால் போதும், அத்தனையும் பறந்திருக்கும். அவர் அதைச் சேற்றில் ஊன்றி, படகு ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐந்நூத்தி ஒண்ணு" என்றாள் அவள்.