அக்காவின் குரல் அமுங்கிய கதை

முள்ளு என்ற பேரை அக்கா முதலில் கேட்டது தங்கையின் கல்யாணப் பேச்சில்தான். மாப்பிள்ளைக்கு ஒரே தம்பி; ரேடியோ பழுது பார்க்கும் கடையில் நாளெல்லாம் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம், அதனால் பெரியப்பா மகன் வைத்த பேராம். வாயைத் திறக்கவே மாட்டான் என்றும் சொன்னார்கள். வாயைத் திறக்காதவன் மனசுக்குள் என்ன வைத்திருப்பானோ என்று அக்கா அன்றைக்கே ஒரு கண் வைத்துவிட்டாள்.

பிற்பாடு அக்காவும் தங்கையும் வாரம் ஒரு பாட்காஸ்ட் பேசினார்கள். வீட்டுக்காரர் தொல்லை, நாத்தனார் குத்தல் என்று வாய்க்கு வந்ததெல்லாம். ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு டிராக் என்று குரல்கள் தனித்தனியாகப் பதிவாகும். இரண்டையும் கலந்து கொடுப்பது முள்ளு.

பத்தாவது வாரம் அக்காவின் மகள் போன் செய்தாள். "என்னம்மா, சித்தி பக்கத்துல உட்கார்ந்து பேசுது, நீ என்னமோ அடுத்த வீட்லேருந்து கூப்பிடற மாதிரி இருக்கு?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. பத்தையும் திரும்பக் கேட்டாள். பத்திலும் அப்படித்தான். கொழுந்தன் அண்ணிக்குத்தானே பண்ணுவான்? போதாததற்கு, போன வருஷம் அவனுக்குப் பார்த்த பெண்ணை வேண்டாமென்று கலைத்துவிட்டவளும் அக்காதான். அதைத்தான் இப்படித் தீர்க்கிறான். நேரில் பிடித்துவிட்டு, இனி பாட்காஸ்டே பேசுவதில்லை என்று முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் கம்பளி அடித்த அவன் அறைக்குள் போய், பின்னால் நாற்காலி போட்டு, அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரையில் ஒரு கோட்டைக் காட்டினான்.

"ரெண்டு பேர் டிராக்லயும் இருக்கறதுலயே பெரிய சத்தம் இந்தக் கோட்டைத் தொடணும்கா. அவ்வளவுதான்."

இரண்டும் தொட்டன. ஆனால் காதுக்கு அக்காவின் குரல் மட்டும் பதுங்கியே வந்தது.

"கோடு சரி. என் குரல் எங்கப்பா போச்சு? உங்க அண்ணி முந்தானைல முடிஞ்சு வச்சிருக்காளா?"

முள்ளு திரையை நெருங்கிப் பார்த்தான். அக்காவின் டிராக்கில் பனைமரம் மாதிரி உயர்ந்து நின்ற ஒரு சத்தத்தைத் தனியாகப் போட்டான். டங்! அடுத்ததும் டங்! சிரிப்பு வந்தால் மேசையில் ஓங்கித் தட்டுவது அவள் வழக்கம்.

"கோட்டைத் தொட்டது உங்க கைதான்கா. குரல் கீழேயே நின்னுடுச்சு. உச்சத்தை மட்டும் பார்த்தது என் தப்பு. மொத்தப் பேச்சோட சராசரிச் சத்தத்தையில்ல சமமாக்கியிருக்கணும்?"

"பத்து வாரமா இந்த டங்கு உன் காதுல விழலையா?"

"நான் முள்ளைத்தான் பார்ப்பேன்கா."

அந்தப் பதிலைக் கேட்டு அக்கா சிரித்தாள், தட்டினாள், கையை இழுத்துக்கொண்டாள். அவன் ஒவ்வொரு தட்டலையும் குறைத்து, இரண்டு பேச்சின் சராசரியையும் ஒன்றாக்கினான். மூன்று தடவை போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"அவ குரல் ஒரு பொட்டு கூடுதலா இருக்கோ?"

"இல்லக்கா, ரெண்டும் ஒண்ணுதான்."

"இருக்கட்டும். பார்ப்போம்."

அடுத்த பதிவுக்கு முள்ளு, மேசையில் அக்கா தட்டும் பக்கம் ஒரு துண்டை நாலாய் மடித்து விரித்தான். அக்கா அதையும் தூக்கி அடியில் பார்த்துவிட்டுத்தான் பேச உட்கார்ந்தாள்.

முள்ளு இப்போதும் அதே கம்பளி அறையில் வாராவாரம் அந்த இரண்டு குரல்களையும் கலந்துகொண்டிருக்கிறான்; பின்னால் அக்காவின் நாற்காலி இருக்கிறது.