பன்னிரண்டாயிரம் அடியில் கேட்ட பால் கறக்கும் சத்தம்

இதைச் சொன்னால் நீங்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பீர்கள், அப்புறம் மெதுவாகப் பேச்சை மாற்றுவீர்கள். பரவாயில்லை, பழகிவிட்டது. வில்லியனூரில் இரும்புக்கடை வைத்திருப்பவள் நான். ஆணி, கொக்கி, தாழ்ப்பாள், பெயிண்ட் என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சாமான்களோடு பதினான்கு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். அமாவாசைக்குக் கடை வாசலில் பூசணிக்காய் உடைப்பதுகூட என் வீட்டுக்காரர் முரளியின் திருப்திக்காகத்தான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. பறப்பது. விமானத்தில் டிக்கெட் வாங்கி இல்லை, சொந்தமாக. டிரைக் என்று ஒரு வண்டி இருக்கிறது, பார்த்திருக்க மாட்டீர்கள். மேலே கூடாரத் துணி மாதிரி பெரிய சிறகு, அதன் கீழே தொங்குகிற மூன்று சக்கரத் தொட்டில், முதுகுக்குப் பின்னால் ஒரு எஞ்சின், கையில் பிடிக்க ஒரு கம்பி. கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, காலுக்குக் கீழே நேராக ஆகாசம். பயிற்சி எடுத்து, உரிமம் வாங்கி, பாகூர் ஏரிக்குத் தெற்கே தெரிந்தவர் ஒருவரின் நிலத்தில் ஓடுபாதை போட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பறந்துகொண்டிருந்தோம். கடையில் உட்கார்ந்திருக்கும்போது நான்தான் அது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

வழக்கமாக ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் போனதில்லை. போன தை மாசம் முரளிக்கு ஒரு ஆசை வந்தது. வடக்கே மலை மேல் பறக்கிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள வேண்டும், அதற்கு முன்னால் நம் வண்டி பன்னிரண்டாயிரம் அடியைத் தாங்குமா என்று பார்த்துவிட வேண்டும். அனுமதியெல்லாம் முறையாக வாங்கியாயிற்று. ஆனால் அவர் தொண்ணூறு கிலோ. நான் ஐம்பத்திரண்டு.

"நீயே போய் வந்துடு கல்யாணி. நான் ஏறினா அது பாதியிலயே மூச்சு வாங்கும்" என்றார்.

"சோத்தக் கொறைங்கன்னா கேக்கறீங்களா" என்றேன். அதுதான் தரையில் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது. மேலே போனபின் அதை நினைத்து நினைத்து வருத்தப்பட்டேன்.

காலை ஆறேகாலுக்குக் கிளம்பினேன். ஸ்வெட்டர், அதன் மேல் மழைக்கோட்டு, இரண்டு கையுறை. தலைக்கவசத்துக்குள் ரேடியோ. கம்பியில் இருக்கிற பொத்தானை அமுக்கிப் பேசினால்தான் கீழே முரளிக்குக் கேட்கும், அமுக்கவில்லை என்றால் கத்தினாலும் கேட்காது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறிக்கொண்டே இருந்தேன். கிழக்கே கடல் வெளுத்தது, நல்லவாட்டு மீன்பிடிப் படகுகள் சிந்திப்போன எள்ளு மாதிரி கிடந்தன. ஐயாயிரம், ஏழாயிரம். சூரியன் வந்ததும் கீழே ஏரிப் பக்கமிருந்து பனி கிளம்பியது. கிளம்பும்போது தரை தெளிவாகத்தான் இருந்தது. இப்போது யாரோ வேட்டியை உதறி விரித்த மாதிரி வெள்ளை பரவி, பாகூர் போயிற்று, மடுகரை போயிற்று, கடற்கரைகூடப் போயிற்று. "பனி விழுது, ஆனா எட்டு மணிக்குள்ள விலகிடும், நீ நெதானமா ஏறு" என்று முரளி சொன்னார். எனக்குப் பயம் இல்லை. உண்மையைச் சொன்னால் சுகமாக இருந்தது. மேலே ஒரே நீலம், கீழே ஒரே வெள்ளை, நடுவில் நான் மட்டும். எங்கேயாவது போகிறேனா, நின்ற இடத்திலேயே நிற்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. கடை, கதவு, சாவிக்கொத்து எல்லாம் வேறு யாருடையவோ போல இருந்தன. கிழக்குக் காத்து என்னை மேற்கே தள்ளிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

உயரம் காட்டுகிற முள் பன்னிரண்டாயிரத்தைத் தொட்டது. நான் சிரித்தேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோயிற்று.

நின்றால் கல் மாதிரி விழுந்துவிட மாட்டோம், சிறகு இருக்கிறது, மெதுவாகச் சறுக்கிக்கொண்டே இறங்கலாம், இருபது நிமிஷம் கிடைக்கும். அதெல்லாம் தெரியும். மூன்று தடவை சாவியைத் திருப்பினேன், உயிர் வரவில்லை. வழி காட்டுகிற கைபேசி குளிரில் எப்போதோ அணைந்திருந்தது. பொத்தானை அமுக்கி முரளியைக் கூப்பிட்டேன், இரைச்சல்கூட வரவில்லை. இருபது நிமிஷத்தில் அந்த வெள்ளைக்குள் போயாக வேண்டும். உள்ளே தென்னந்தோப்பு இருக்கிறதா, மின்கம்பி இருக்கிறதா, யார் வீட்டுக் கூரையாவது இருக்கிறதா, ஒன்றும் தெரியாது.

எஞ்சின் நின்றபின் வருகிற அமைதி எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிறகின் கம்பிகளில் காத்து ஊதுகிற மெல்லிய சத்தம், அவ்வளவுதான். அந்த அமைதியில்தான் கேட்டது. நம்பினால் நம்புங்கள். சர்ர், சர்ர் என்று பாத்திரத்தில் பால் பீய்ச்சுகிற சத்தம். எங்கள் வீட்டில் பாக்கெட் பால்தான், ஆனாலும் அந்தச் சத்தம் யாருக்குத் தெரியாது? கூடவே ஒரு பெண் குரல், என் காதுக்கு ஒரு சாண் தள்ளி:

"நில்லுடி லச்சுமி. கால ஒதறாதன்னா கேக்கமாட்ட?"

தலையைத் திருப்பிப் பின் இருக்கையைப் பார்த்தேன். காலி. கை பொத்தானில் இல்லை. "யாருங்க?" என்று கேட்டுவிட்டேன், வாய் தானாகக் கேட்டது.

பால் சத்தம் நின்றது. "யாரும்மா அது? எங்கேந்து பேசற?"

"மேலேருந்து."

"மேலன்னா? மாடிலேந்தா? எங்க வூட்டுல மாடி ஏது?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அக்கா, மோட்டார் நின்னுபோச்சுக்கா" என்றேன்.

"எந்த மோட்டாரு? கரண்டு இல்லியா?"

"பறக்கற வண்டியோட மோட்டாருக்கா. ஆகாசத்துல இருக்கறேன். கீழ ஒரே பனியா இருக்கு. எங்க எறங்கறதுன்னு தெரியல."

பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல், இந்த முறை மெதுவாக, குழந்தையிடம் பேசுகிற மாதிரி: "பயப்படாத யம்மா. இது பண்டசோழநல்லூரு. எதுர்ல நிக்கற மாடே தெரியல எனக்கு. எங்க கழனில கரும்பு வெட்டிட்டாங்க, சோகை காஞ்சி கெடக்குது. கொளுத்தட்டுமா? பொகை மேல வந்தா உனக்குத் தெரியுமில்ல?"

"கொளுத்துங்கக்கா."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் கம்பிச் சத்தம்தான். ஒன்பதாயிரம், எட்டாயிரம். நடந்ததை நினைத்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது, மூளை கலங்கிவிட்டது, இனிமேல் பிழைக்க வழி பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐயாயிரம் அடி இருக்கும், இடது பக்கம், அந்த வெள்ளைத் துணியில் ஒரு இடம் அழுக்கானது. பிறகு அதைத் துளைத்துக்கொண்டு பழுப்பு நிறத்தில் புகை ஒன்று நேராக எழுந்து, மேலே வந்ததும் மேற்கே சாய்ந்தது.

திரும்பினேன். வேறு என்ன செய்வது? வெள்ளை என் காலுக்கு அருகே வந்தபோது கடைசியாக ஒரு தரம் அவர் குரல் கேட்டது, மூச்சு இரைக்க: "பொகைக்குக் கெயக்கால வந்துடாத, கரண்டு கம்பி போவுது. மேக்கால எறங்கு, மேக்கால!"

மேற்கே போனேன். பனிக்குள் ஈரம், கரி வாசனை, ஒரு பக்கம் மட்டும் செம்மஞ்சள் வெளிச்சம். திடீரென்று தரை இருந்தது. கரும்புக் கட்டைகளில் மோதி முன் சக்கரம் வளைந்தது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, என் மணிக்கட்டு பிசகியது. வேறொன்றும் ஆகவில்லை. இருக்கை வாரைக் கழற்றக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். நெருப்புப் பக்கமிருந்து ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் மண்ணெண்ணெய்க் கேனோடு ஓடி வந்தார்.

"நீதானா?" என்றார்.

நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை. மேலே கேட்ட அதே குரல். "அக்கா" என்றதும் அவர் கேனைக் கீழே போட்டுவிட்டார். "அதே கொரலு" என்று சொல்லி என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். கை முழுக்கப் பால் வாசனை.

அவர் பெயர் அஞ்சலை. வீட்டில் உட்கார வைத்து, அந்தக் காலையில் கறந்த பாலிலேயே காப்பி போட்டுக் கொடுத்தார். அவருடைய வீட்டுக்காரருக்கு அவர் மேல் கோபம். "மாட்டாண்ட குந்திகினு தனியா பேசிகினு இருந்தா. மாடியா, எங்க வூட்ல ஏது மாடின்றா. மோட்டாரான்றா. அப்புறம் பாதிப் பால அப்படியே வெச்சிட்டு எண்ணெயத் தூக்கிகினு ஓடறா. பனி ஈரத்துல எவனாவது சோகையக் கொளுத்துவானா? ஊரே சிரிக்கும்னேன்" என்றார். அவருக்கு அஞ்சலை அக்கா பேசியது மட்டும்தான் கேட்டிருக்கிறது. நான் பேசியது கேட்கவில்லை.

அஞ்சலை அக்காவின் கைபேசியில் முரளியைக் கூப்பிட்டேன். எட்டரைக்கு வேனில் வந்தார், முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கைபேசியில் நான் சொல்லும்வரை எஞ்சின் நின்றதுகூட அவருக்குத் தெரியாது, நான் கூப்பிட்டது எதுவும் போய்ச் சேரவில்லை. நடந்ததைச் சொன்னதும், "உயரத்துல ஆக்ஸிஜன் கொறைஞ்சா அப்படித்தான் இல்லாததெல்லாம் கேக்கும், புத்தகத்துலயே போட்டிருக்கு" என்றார். நீங்களும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு மூச்சுக் குறைந்தது, ஒப்புக்கொள்கிறேன். தரையில் மாட்டடியில் உட்கார்ந்திருந்த அஞ்சலை அக்காவுக்கு என்ன குறைந்தது? இதைக் கேட்டால் முரளி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

இந்த இடம் வரைக்கும் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்வதை முரளியிடம்கூடச் சொன்னதில்லை.

வண்டியைப் பிரித்து வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை அக்கா என்னைத் தனியாகக் கழனி ஓரம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஒண்ணு கேக்கணும் பாப்பா. ரேவதின்னா யாரு?"

"எந்த ரேவதிக்கா?"

"நான் கொளுத்திட்டு நிக்கறேன், பொகை கெளம்புது. அப்போ நீ சொன்னியே. 'ரேவதி, அந்த ஜன்னல சாத்து, மழை உள்ள வருது'ன்னு. எனக்கு இன்னாடா இதுன்னு ஆயிடுச்சு. இங்க ஏது மழை?"

"நான் சொல்லலியேக்கா."

"உன் கொரலுதான். முன்ன பேசினதெல்லாம் தெகிரியமாத்தான் பேசின. இத மட்டும் அழுதுகினே சொன்ன. தாங்க முடியாத அழுக."

அப்படி ஒரு வார்த்தையை நான் மேலே சொல்லவே இல்லை. புகை கிளம்பியபோது நான் வாயை மூடிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தேன், சத்தியமாக. எங்கள் சொந்தத்தில், பழக்கத்தில், கடை வாடிக்கையில் அப்போது ரேவதி என்று யாரும் கிடையாது. வீட்டுக்கு வந்து கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம்கூட எடுத்துப் பார்த்தேன். அப்புறம் மாசங்கள் போயின, சக்கரம் சரியானது, மலைக்கும் போய்வந்தோம், நானும் மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசியில் எங்கள் மாடி வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தது. நான் கடையில் இருந்த நேரம் முரளிதான் வீட்டைக் காட்டிப் பேசி முடித்தார். ராத்திரி சாப்பிடும்போது சொன்னார், நர்ஸ், நாற்பது வயசு, ஒண்டியாள், நல்ல மாதிரி, பெயர் ரேவதி. நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

நல்ல மாதிரிதான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவரை இதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இப்போது ஐப்பசி. போன வாரம் சாயங்காலம் எங்கள் கூடத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார், சொல்லி வைத்தாற்போல மழை பிடித்துக்கொண்டது. சாரல் அவர் தோளில் பட்டது, பேச்சு மும்முரத்தில் அவர் கவனிக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் எழுந்து போய், அவரைத் தாண்டிக் கையை நீட்டி, ஜன்னலைச் சாத்தினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "சொல்லியிருந்தா நானே சாத்தியிருப்பேனே" என்றார்.