அலறும் நாற்காலிகளை அடக்கிய வெர்ணா

வெர்ணா இங்கெபோர்க் ஸ்டென்ஸ்ருட் (1941–2019) அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்து டோர்வால்ட் ஊரில் பிறந்தவர். அவ்வூரின் முதியோர் இல்லத்திலேயே செவிலியராகப் பணியாற்றி, அவ்வூரிலேயே மறைந்தவர். குரல் பெரிது, நடை அதனினும் வேகம். அவருடைய காலணிச் சத்தம் கேட்டாலே தாழ்வாரத்தில் நிற்பவர்கள் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வார்கள்.

மறதிநோய்ப் பிரிவில் இருப்பவர்கள் கீழே விழாமல் காக்கும் பொறுப்பு ஓர் இலையுதிர் காலத்தில் அவரிடம் வந்தது. ஃபார்கோ நகரில் நடந்த பயிற்சி முகாமுக்குச் சென்று திரும்பியவர், பெட்டி நிறைய அலாரத் திண்டுகளை வரவழைத்தார். திண்டை நாற்காலியில் விரித்துவிட்டால், அமர்ந்திருப்பவர் எழுந்த கணமே அது அலறும். ஒவ்வொரு நாற்காலியிலும் வெர்ணா தாமே உட்கார்ந்து எழுந்து சோதித்தார். சமையலறையிலிருந்து சமையல்காரி டார்லீன் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"ஏன் வெர்ணா, உன்னால ஒரு இடத்துல உக்காரவே முடியாதா?"

"உக்காந்து உக்காந்துதானே எந்திரிக்கிறேன்! அடுப்புல உன் ஹாட்டிஷ் கறி அடிப்பிடிக்குது, போய்ப் பாரு."

இந்த ஏற்பாடெல்லாம் முக்கியமாக ஒருவருக்காகவே. ஆர்லோ நைகார்ட், ஊரின் தொண்டர் தீயணைப்புப் படைக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர். அவர் மனைவி இர்மா, இல்லத்துக்கு எதிர்வீட்டில் வசித்தார். தினமும் நண்பகலில் சாலையைக் கடந்து வந்து, கணவருடன் ஒரே மேசையில் சாப்பிட்டு, அவர் மோவாயில் வழியும் குழம்பைத் துடைத்துவிட்டுப் போவார். ஆர்லோ ஏற்கெனவே இருமுறை விழுந்திருந்தார். இன்னொரு முறை விழுந்தால் அவரை ஃபார்கோவில் உள்ள பூட்டிய பிரிவுக்கு மாற்றிவிடுவதாக மகள் கேரன் கண்டிப்பாகக் கூறியிருந்தாள். இர்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் ஃபார்கோவுக்குப் போய்விட்டால், யாராவது மனமிரங்கி அழைத்துப் போகும் நாளில்தான் அவரைப் பார்க்க முடியும்.

"உங்க கிழவர் விழமாட்டார் இர்மாக்கா. அதுக்கு நான் ஜவாப்தாரி" என்றார் வெர்ணா.

"நீ விழாம இரு முதல்ல. நீ ஓடுற ஓட்டத்துக்கு!" என்றார் இர்மா.

திண்டுகள் வந்தபின் நிலைமை விபரீதமாயிற்று. முன்பெல்லாம் எப்போதாவது எழுந்த ஆர்லோ இப்போது ஓயாமல் எழுந்தார். பக்கத்தில் யாருடைய நாற்காலி அலறினாலும் அவர் எழுவார். உடனே அவருடைய திண்டும் அலறும். அந்தச் சத்தத்துக்கு, அவருடைய தீயணைப்புப் படையில் இருந்த ஆஸ்வால்டும் மெர்லும் எழுவார்கள்; அவர்களுடைய திண்டுகளும் சேர்ந்துகொள்ளும். ஒரு மூதாட்டி தும்முவதற்காகச் சற்றே முன்னால் சாய்ந்ததில் கூடமே எழுந்து நின்ற நாளும் உண்டு.

சத்தம் போதவில்லை என்று வெர்ணா முடிவு செய்தார். ஒலியைக் கூட்டினார். மறுநாள் ஆர்லோ மேசைக் காலில் இடறி முழங்காலில் விழுந்தார். பெரிய காயமில்லை. ஆயினும் செய்தி கேரனுக்குப் போயிற்று. நவம்பர் இறுதியில் வரும் நன்றியறிதல் நாள் பண்டிகை கழிந்த ஞாயிறன்று காருடன் வருவதாக அவள் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அன்று நண்பகல் இர்மா சாப்பிடவில்லை. குழம்பைத் துடைக்கும் துணியை மட்டும் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஒரு நாற்காலி அலறியபோது வெர்ணா தற்செயலாக ஆர்லோவின் அருகில் நின்றார். ஆர்லோ துள்ளி எழுந்தார்.

"எங்கய்யா எரியுது?"

அலறும் நாற்காலியை நோக்கி ஓடவிருந்த வெர்ணாவின் முழங்கையை அவர் இறுகப் பற்றினார். "ஏய், தனியா உள்ள ஓடாதே! ஜோடி இல்லாம ஒருத்தனும் உள்ள போகக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? மண்டையில ஏறவே ஏறாதா?"

"மன்னிச்சுக்குங்க தலைவரே" என்றார் வெர்ணா. யாரிடமும் அவர் அவ்வாறு சொல்லி அதுவரை எவரும் கேட்டதில்லை.

இருவரும் நடந்தார்கள். தனியே நடக்கையில் தள்ளாடும் ஆர்லோ, ஜோடியோடு நிதானமாக அடிவைத்தார். கூடத்துக் கதவை அடைந்ததும் புறங்கையால் அதைத் தொட்டுப் பார்த்தார். "சூடில்ல. அந்தப் பக்கம் தீ இல்ல. வா, திரும்பலாம்" என்று அழைத்து வந்து, தாமே நாற்காலியில் அமர்ந்தார்.

அலாரத்தை அலறவிட்டு அவரை ஒவ்வொரு முறையும் தீக்கு அழைத்தது தாமே என்று வெர்ணாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. அன்று மாலைக்குள் எல்லாத் திண்டுகளையும் கழற்றினார். நிர்வாகி கோல்ஸ்டாட் பதறிப்போனார்.

"நீங்கதானேம்மா கேட்டு வாங்கினீங்க? ஆய்வுக்கு வர்றவங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"வெர்ணாவுக்குப் புத்தி லேட்டா வந்துச்சுன்னு சொல்லுங்க சார்."

ஞாயிறு வந்தது. கேரன் தந்தையின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். இர்மா மேசையில் அமர்ந்திருந்தார். எதிர்ச்சுவரோரம் இருந்த ஆர்லோ, மனைவியைக் கண்டாரோ என்னவோ, கைப்பிடியை ஊன்றி எழத் தொடங்கினார். அருகில் யாருமில்லை. வெர்ணா கூடத்தின் மறுகோடியில், இரு கைகளிலும் காப்பிக் கோப்பைகளுடன் நின்றார். கேரன் "அப்பா!" என்று அலறினாள், அவர் திரும்பவில்லை.

"தலைவரே, ஜோடி வருது!" என்று வெர்ணா குரல் கொடுத்தார்.

பாதி எழுந்த ஆர்லோ மீண்டும் உட்கார்ந்தார். "சீக்கிரம் வாடா! வீடு சாம்பலானப்புறம் வந்து என்ன பண்ணப் போற?"

வெர்ணா காப்பியைக் கேரனின் கைகளில் திணித்துவிட்டுப் போய்த் தம் முழங்கையை நீட்டினார். இருவரும் இர்மாவின் மேசை வரை நடந்தார்கள். ஆர்லோ மேசையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அமர்ந்தார்.

கேரன் கோப்பைகளை மேசையில் வைத்தாள். பிறகு, "இது எத்தனை நாளைக்கு நடக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. நடக்கிற வரைக்கும் நடக்கட்டுமே."

"பெட்டியில அடுக்குனதை எல்லாம் வெளிய எடுத்து வை" என்றார் இர்மா மகளிடம். "சட்டையெல்லாம் கசங்கிடும்."

அதன்பின், எழுந்தவரை எப்படி உட்கார வைப்பது என்பதை விட்டு, அவர் ஏன் எழுகிறார் என்று கேட்பதே அவ்வில்லத்தின் வழக்கமாயிற்று. எப்போதோ வளர்த்த கோழிகளுக்குத் தீனி போட எழும் மூதாட்டியோடு ஒருவர் சன்னல் வரை சென்று வருவார். அதற்குப் பிறகும் விழுந்தவர்கள் உண்டு. எவரும் விழவே இல்லை என்று எழுதினால் வெர்ணாவே திட்டுவார். ஆனால் ஆர்லோ கடைசி மூச்சு வரை ஃபார்கோவுக்குப் போகவில்லை. தம் முறை இல்லாத நாளிலும் நண்பகலில் வெர்ணா வந்து முழங்கையை நீட்டுவார். அவ்வாறு அவர் ஆர்லோவை இர்மாவின் மேசைக்குக் கடைசியாக அழைத்துச் சென்றது 2011 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை.