முப்பத்தாறு இஞ்சில் ஒரு வெப் பக்கம்

கம்ப்யூட்டர் வேலைக்கு எப்படி வந்தாய் என்று யாராவது கேட்டால், சின்ன வயதிலிருந்தே ஆர்வம் என்று சொல்லிவிடுவேன். ஆர்வம் இருந்தது உண்மைதான், ஆனால் அது பிளவுஸ் கழுத்தில் இருந்தது. பானைக் கழுத்து, படகுக் கழுத்து, முதுகில் ஜன்னல் வைத்து நாடா கட்டியது என்று, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் பெண்ணின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

கல்லூரி முடித்ததும் டைப்ரைட்டிங் சேர்ந்தேன், விட்டேன். இந்தி சேர்ந்தேன், அதையும் விட்டேன். "இன்னும் ஒண்ணுதான். அதையும் பாதியில விட்டேன்னா அடுத்து மாப்பிள்ளை பாக்கதுதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தச் சமயத்தில் பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் 'டிசைனிங் பயிற்சி' என்ற போர்டைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். போர்டின் இடது ஓரத்தை ஏதோ ஒரு குழந்தையின் காதுகுத்து ஃப்ளெக்ஸ் மறைத்திருந்தது. குழந்தை கொழுகொழுவென்று அழகாக இருந்தது. அதன் கன்னத்துக்குப் பின்னால் 'வெப்' என்று ஒரு சொல் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? சேரும்போது பெயரும் முகவரியும் கேட்டார்கள். எதற்கு வந்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

முதல் நாள் என் பையில் இஞ்ச் டேப், கத்திரிக்கோல், ஒரு மீட்டர் லைனிங் துணி. கை நிறையக் கண்ணாடி வளையல், தலையில் பிச்சிப்பூ. உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர், எல்லாவற்றின் முன்னாலும் பையன்கள். இப்போதெல்லாம் டிசைனைக் கம்ப்யூட்டரில்தான் போடுவார்கள் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆம்பளைப் பிள்ளைகள் இத்தனை பேர் தையல் படிக்க வந்திருக்கிறார்களே என்று அவர்கள்மேல் மரியாதைகூட வந்தது.

மேடம் பாடத்தைத் தொடங்கினார். "முதல்ல ஹெட். அதுக்குக் கீழ பாடி. நீங்க எழுதுத எல்லாம் பாடிக்குள்ளதான் வரணும்."

எங்கள் வீட்டில் பாடி என்றால் பிளவுஸுக்குள் போடுவது. அதை மாடியில் காயப்போட்டால்கூட மேலே ஒரு துண்டை விரித்து மூட வேண்டும். இத்தனை பையன்கள் நடுவே அதைப் பற்றிப் பாடமா? எனக்கு வியர்த்துவிட்டது. பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையை இழுத்தேன். கூடவே வந்த இஞ்ச் டேப் கீழே விழுந்து, முன்வரிசை வரைக்கும் உருண்டு விரிந்துகொண்டே போனது.

"தையல் கிளாஸ் இங்கன இல்ல" என்று ஒருவன் சொல்ல, அறையே சிரித்தது.

மேடம் டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "இது வெப் டிசைனிங்மா. இன்டர்நெட்டுல வார பக்கத்தச் செய்யது. ஹெட்டு, பாடியெல்லாம் அந்தப் பக்கத்தோட பாகம். மாத்தி வந்துட்டியோ?"

எழுந்து போயிருப்பேன். ஆனால் படிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு மாப்பிள்ளை சட்டையை இன் பண்ணிக்கொண்டு நிற்பது போலிருந்தது. "இல்ல மேடம், தெரிஞ்சுதான் வந்தேன்" என்றேன். அவர் என் பையில் நீட்டிக்கொண்டிருந்த கத்திரிக்கோலைப் பார்த்தார். "சரி, உக்காரு" என்றார்.

மறுநாள் வளையல் இல்லை, பூ இல்லை, நகப்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு சுடிதார். பார்க்கக் கம்ப்யூட்டர் தெரிந்தவள் போலவே இருந்தேன். கம்ப்யூட்டர்தான் நம்பவில்லை. மேடம் பக்கத்தில் வந்து, "வளையல் எங்க?" என்றார்.

"சத்தம் வரும்னு கழட்டிட்டேன் மேடம்."

"இவனுவ போடுத சத்தத்துக்கு மேலயா? நாளைக்குப் போட்டுட்டு வா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, அன்று கண்ணுக்கு மையும் போடவில்லை.

சில வாரம் கழித்து, பிடித்ததை வைத்து ஆளுக்கு ஒரு வெப் பக்கம் செய்யச் சொன்னார்கள். பையன்கள் பைக்கும் கிரிக்கெட்டும் வைத்தார்கள். நான் பிளவுஸ் கழுத்து மாடல்களை வைத்தேன். அகலம் எவ்வளவு என்றதும் கை தானாக முப்பத்தாறு இஞ்ச் என்று அடித்தது. பாழாய்ப்போன கம்ப்யூட்டருக்கு இஞ்சும் தெரியுமாம். பக்கம் திரையைத் தாண்டி ஓடியது, தள்ளத் தள்ளத் தீரவில்லை. "நாகர்கோவில் தாண்டிட்டு மேடம்" என்றான் பக்கத்து சீட்காரன். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இத மாட்டிக்கிடப் போறது ஆளா, செல்போனா? செல்போன அளந்து பாரு" என்றார். இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தேன். செய்து முடித்ததும், அக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று அதன் லிங்கை முதல் ஆளாகக் கேட்டது அதே பக்கத்து சீட்காரன்தான்.

வீட்டில் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. டிசைனிங் என்றால் அவர்களுக்கும் தையல்தான். அதற்கும் ஒரு நாள் வந்தது. சித்தி மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் பிளவுஸ் துணியை அம்மா என் மடியில் போட்டாள். "எத்தன மாசமா போயிட்டு வார. இத நீயே தச்சுக் குடு."

தப்பிக்க வழியில்லை. போனில் என் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். "நான் படிக்கது இதும்மா. தையல் இல்ல."

அம்மா விரலால் பையப் பையத் தள்ளிக்கொண்டே போனாள். மூன்றாவது மாடலில் நின்றாள், பெரிதாக்கிப் பார்த்தாள், திரும்ப மேலே போய்விட்டு அதற்கே வந்தாள். "இதெல்லாம் நீ செஞ்சதாட்டி?" என்றாள். தலையை ஆட்டினேன். பயத்தில் வளையலும் சேர்ந்து ஆடியது.

முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "என்ன, இதையும் விட்டுட்டாளா?"

அம்மா பட்டுத் துணியை எடுத்து, தெருமுனை டெய்லரிடம் கொடுப்பதற்காகத் தன் பைக்குள் திணித்தாள்.

"விடல, விடல. பிள்ள நல்லாத்தான் தைக்கா."